சூடு இல்ல சார்... சீழ்!

காலையில் பல் தேய்த்துத் துப்புகிறீர்கள். வெள்ளை நுரையில் ஒரு சிவப்புக் கோடு. என்ன செய்கிறீர்கள்? குழாயைத் திறந்துவிடுகிறீர்கள். தண்ணீரோடு போச்சு. 'காபி ரெடியா?' என்று குரல் கொடுத்துக்கொண்டே வெளியே வந்துவிடுகிறீர்கள்.

இதே ரத்தம் தினமும் காதிலிருந்து வந்தால்? சிறுநீரில் வந்தால்? வீடே இரண்டாகியிருக்கும். ஆட்டோ பிடித்து, ஸ்கேன் எடுத்து, மஞ்சள் துணியில் காசு முடிந்து, பெரியம்மா வரைக்கும் போன் போயிருக்கும். வாயிலிருந்து வருகிற ரத்தத்துக்கு மட்டும் நம்மிடம் ரெடிமேடாக ஒரு பெயர் இருக்கிறது. 'சூடு!' ரெண்டு இளநீர், தலைக்கு நல்லெண்ணெய், ஃபைல் குளோஸ்.

இந்தச் சூட்டுக் கதையைத்தான் இந்த வாரம் கொஞ்சம் கிழிக்கலாம் என்றிருக்கிறேன்.

பூந்தமல்லியைத் தாண்டி பாரிவாக்கம். ஏரி இருக்கிறது. ஏரியைப் பார்த்த மாதிரி புதுசு புதுசாக ஃபிளாட் எழும்புகிறது. குடோன்கள், லோடு வண்டிகள், ஷிஃப்ட் முடிந்து வரும் கம்பெனி ஆட்கள், எந்நேரமும் கொதிக்கிற டீக்கடை பாய்லர். அங்கே ஒரு குட்டி யானை டிரைவரிடம் பேச்சுக் கொடுத்தேன். ஐம்பது வயசிருக்கும். சிரித்தால் பல்லுக்கும் ஈறுக்கும் நடுவில் செங்கல் சுவரில் சிமென்ட் பூசிய மாதிரி ஒரு பழுப்பு வரப்பு.

''அண்ணே, பல் தேய்க்கிறப்ப ரத்தம் வருமா?''

''அது வரும் சார், நாலு வருஷமா. நம்ம வண்டியில இன்ஜின் சீட்டுக்கு அடியிலதான இருக்கு? அது மேலயே உக்காந்து ஓட்டுறோம். சூடு ஏறாம என்ன செய்யும்?''

இன்ஜின் சீட்டுக்கு அடியில் இருப்பது நிஜம்தான். அந்தச் சூடு முதுகுத்தண்டு வழியாக ஏறி ஈறில் வந்து வெடிக்கிறது என்பது நம்ம ஊர் மெக்கானிசம்!

பக்கத்தில் ஒரு பாட்டியம்மா. பூக்கட்டிக்கொண்டிருந்தவர், இடுப்பிலிருந்து பொடி மட்டையை எடுத்து, ஒரு சிட்டிகை எடுத்து ஈறில் தேய்த்துக்கொண்டார். மூக்குக்கு வாங்குகிற பொடிதான். ''பல்லு கூச்சத்துக்குத் தேய்ச்சது தம்பி. இப்ப தேய்க்காட்டி கை கால் ஓடல. ரெண்டு பல்லு ஆடுது. விழுந்துட்டா நிம்மதி.''

இதில் என்னைக் கடுப்பேற்றியது அந்த டிரைவரும் இல்லை, பாட்டியும் இல்லை. அவர்கள் நிற்கிற இடம்! பாரிவாக்கத்திலிருந்து பூந்தமல்லிக்கு வந்து, குமணன்சாவடி தாண்டினால் வேலப்பன்சாவடி. நெடுஞ்சாலையிலேயே சவீதா பல் மருத்துவக் கல்லூரி. இன்னும் கொஞ்சம் போனால் மதுரவாயலில் மீனாட்சி அம்மாள் பல் மருத்துவக் கல்லூரி. முகப்பேர் பக்கம் திரும்பினால் தாய் மூகாம்பிகை. போரூர் போனால் ராமச்சந்திரா. குன்றத்தூரில் மாதா. நாட்டில் இன்னொரு இடத்தில் இத்தனை நெருக்கத்தில் இத்தனை பல் மருத்துவக் கல்லூரிகள் இருக்குமா என்று எனக்குச் சந்தேகம். பல்லுக்கென்றே பட்டா போட்டுக் கொடுத்த ஏரியா மாதிரி இருக்கிறது மேற்குச் சென்னை. அதன் வாசலில் நின்றுகொண்டு ஒரு மனுஷன் நாலு வருஷமாக ரத்தம் துப்புகிறார். காரணம் கேட்டால் இன்ஜினைக் காட்டுகிறார். யாரும் அவர் வாயைத் திறந்து பார்த்ததில்லை.

சரி, அந்த ரத்தம் உண்மையில் எங்கிருந்து வருகிறது?

பல்லும் ஈறும் சேருகிற இடத்தில் ஒரு சின்ன மடிப்பு இருக்கிறது. சட்டைப் பை மாதிரி. ஆரோக்கியமான வாயில் இதன் ஆழம் மூன்று மில்லிமீட்டருக்குள். சாப்பாட்டு மிச்சமும் கிருமியும் சேர்ந்து அங்கே ஒரு வழவழப்புப் படலம் உண்டாகும். ஒழுங்காகத் தேய்த்தால் போய்விடும். தேய்க்காமல் விட்டால், எச்சிலில் இருக்கிற கால்சியம் அதில் இறங்கி இறுகிக் காரையாகிவிடும். அதற்கப்புறம் நீங்கள் தேய்த்தாலும் சரி, வீட்டுக்காரம்மா வந்து தேய்த்தாலும் சரி, பிரஷ்ஷுக்கு மசியாது. காரைக்கு மேல் புதுப்படலம், அதற்கு மேல் காரை. ஈறு சிவந்து வீங்குகிறது. லேசாகப் பட்டாலே ரத்தம். பை ஆழமாகிறது. நாலு மில்லிமீட்டர், ஆறு, எட்டு... அடியில் பல்லைப் பிடித்திருக்கிற எலும்பு கரைகிறது. பல் ஆடுகிறது. நம் தாத்தா காலத்து டாக்டர்கள் இதைப் 'பயோரியா' என்பார்கள். சீழ் வடிதல் என்றுதான் அந்த கிரேக்கச் சொல்லுக்கு அர்த்தம். சூடு என்று எந்த அகராதியிலும் இல்லை.

அந்த ஆழமான பைக்குள் காற்று போகாது. காற்றே ஆகாத கிருமிகளுக்கு அதுதான் ஏ.சி. ரூம். மனித வாயில் சுமார் எழுநூறு வகை கிருமிகள் இருக்கலாம் என்கிறார்கள். பெரும்பாலானவை சாது. வாடகை ஒழுங்காகக் கொடுக்கிற குடித்தனக்காரர்கள். இந்த இருட்டுப் பைக்குள் வந்து சேருகிற சிலர்தான் வில்லங்கம். ஒருத்தர் பெயர் போர்ஃபைரோமோனாஸ் ஜிஞ்ஜிவாலிஸ். இன்னொருத்தர் ஃபுசோபாக்டீரியம் நியூக்ளியேட்டம். பெயரைச் சொல்லி முடிப்பதற்குள்ளேயே ரெண்டு பல் ஆடிவிடும். சுருக்கமாக ஜிஞ்ஜி, ஃபுசோ என்று வைத்துக்கொள்வோம்.

பல் விழுவதோடு இவர்கள் வேலை முடிந்துவிடுகிறதா? வாய்ப் புற்றுநோயிலும் இவர்கள் கை இருக்கிறதா? ஆராய்ச்சியாளர்களை ரொம்ப நாளாகக் குடைகிற கேள்வி இதுதான்.

'கிருமியால கேன்சரா? ரீல் விடாதீங்க' என்பவர்களுக்கு ஒரு பழைய கதை. வயிற்றுப்புண் எதனால் வருகிறது என்று எண்பதுகளில் எந்த டாக்டரைக் கேட்டாலும் டென்ஷன், காரம், அமிலம் என்பார். ஆஸ்திரேலியாவில் பெர்த் நகரத்து ராபின் வாரன், பாரி மார்ஷல் என்ற இரண்டு டாக்டர்கள், 'அதெல்லாம் இல்லை, ஹெலிகோபாக்டர் பைலோரி என்ற கிருமி' என்றார்கள். யாரும் நம்பவில்லை. 1984-ல் மார்ஷல் அந்தக் கிருமிக் கரைசலைத் தானே எடுத்து மடக்கென்று குடித்தார். சில நாளிலேயே வயிறு வெந்து, வாந்தி எடுத்து, தன் வயிற்றையே சாட்சிக் கூண்டில் ஏற்றினார். 1994-ல் உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு அந்தக் கிருமியை, வயிற்றில் புற்றுநோய் உண்டாக்கும் காரணிகளின் முதல் பட்டியலில் சேர்த்தது. 2005-ல் இருவருக்கும் நோபல் பரிசு. அவர்களைப் பார்த்துச் சிரித்தவர்களின் பெயர் யாருக்காவது ஞாபகம் இருக்கிறதா?

ஆக, கிருமி நாள்கணக்காக ஓரிடத்தில் உட்கார்ந்து புண்ணாக்கிக்கொண்டே இருந்தால் அங்கே புற்று வரலாம் என்பது உலகம் ஏற்றுக்கொண்ட விஷயம். கேள்வி, ஈறு விஷயத்தில் அது நடக்கிறதா என்பதுதான்.

கை ரேகைகள் கொஞ்சம் கிடைத்திருக்கின்றன. நம் உடம்பில் ஒரு செல் கெட்டுப்போனால் அது தானாகவே செத்துப்போக ஒரு ஏற்பாடு உண்டு. ஊருக்கு நல்லது என்று தானே வி.ஆர்.எஸ். வாங்கிக்கொள்கிற மாதிரி. ஜிஞ்ஜி ஈறின் செல்லுக்குள்ளேயே புகுந்து உட்கார்ந்துகொண்டு, அந்தச் சாவைத் தள்ளிப்போடுகிறது. ஆய்வுக்கூடத்தில் இதைப் பார்த்திருக்கிறார்கள். போகவேண்டிய செல் போகாமல் தங்குகிறது. கூடவே ஓயாத அழற்சி. ரணம், ஆறுதல், மறுபடி ரணம்... ஆறுவதற்காக செல்கள் பெருகிக்கொண்டே இருக்கவேண்டியிருக்கிறது. பெருகப் பெருகத் தப்பு நடக்க வாய்ப்பு கூடுகிறது.

2009-ல் அமெரிக்காவின் பஃபலோ நகரத்தில் ஒரு ஆஸ்பத்திரி ஆய்வு. ஈறு நோயால் தாடை எலும்பு எவ்வளவு கரைந்திருக்கிறது என்று எக்ஸ்ரேயில் அளந்தார்கள். ஒவ்வொரு மில்லிமீட்டர் கரைவுக்கும் தலை, கழுத்துப் புற்றுநோய்க்கான வாய்ப்பு நாலு மடங்குக்கு மேல் கூடித் தெரிந்தது. சின்ன ஆய்வு. இதை வைத்துத் தீர்ப்பு எழுத முடியாது. 2015-ல் இஸ்ரேல் விஞ்ஞானிகள் எலிகளுக்குப் புற்று உண்டாக்கும் ரசாயனத்தைக் கொடுத்து, சில எலிகளுக்கு மட்டும் கூடவே ஜிஞ்ஜியையும் ஃபுசோவையும் வாயில் ஏற்றினார்கள். கிருமி ஏறிய எலிகளின் நாக்கில் கட்டி பெரிசாக வந்தது.

'புற்று வந்த வாயில் கிருமி குடியேறியிருக்கலாமே? கிருமியால்தான் புற்று வந்தது என்று எப்படிச் சொல்வீர்கள்?' நல்ல கேள்வி. வீடு இடிந்ததால் எலி வந்ததா, எலி தோண்டியதால் வீடு இடிந்ததா? இதற்குப் பதில் தேடித்தான் நியூயார்க் பல்கலைக்கழகத்துக்காரர்கள் பழைய பெட்டிகளைத் திறந்தார்கள். ஒரு லட்சத்து அறுபதாயிரம் அமெரிக்கர்கள் சம்பந்தப்பட்ட நீண்ட காலத் தொடர் ஆய்வுகள் அவை. நல்லபடியாக இருக்கும்போதே வாய் கொப்பளித்த நீரைச் சேகரித்து வைத்திருந்தார்கள். பத்துப் பதினைந்து வருஷத்தில் அவர்களில் 236 பேருக்குத் தலை, கழுத்துப் புற்றுநோய் வந்தது. அவர்களுடைய பழைய கொப்பளிப்பைப் புற்று வராதவர்களுடையதோடு ஒப்பிட்டார்கள். 13 வகை கிருமிகள் புற்றுநோய் வாய்ப்போடு கைகோத்து நின்றன. ஈறு நோய்க் கிருமிகளும் ஓரளவு தொடர்பு காட்டின. புகை, மது எல்லாவற்றையும் கணக்கில் கழித்த பிறகும்! 2024-ல் வெளியான இந்த ஆய்வு, எனக்குத் தெரிந்து இருப்பதிலேயே கனமான சாட்சி. புற்று வருவதற்கு முன்னாலேயே கிருமி அங்கே இருந்திருக்கிறது.

எதிர்சாட்சியும் உண்டு, மறைக்கக்கூடாது. அதே 2024-ல் லண்டன் கிங்ஸ் கல்லூரிக்காரர்கள், தலை, கழுத்துப் புற்றுக் கட்டிகளில் நம்ம ஃபுசோ இருந்த நோயாளிகள் கூடுதல் காலம் உயிர்வாழ்வதாகக் கண்டார்கள். ஆய்வுக்கூடத்தில் புற்று செல்லோடு ஃபுசோவை விட்டுப் பார்த்தால் செல் கரைந்துபோகிறது. அவர்களே அசந்துபோனார்கள். இன்னொரு பக்கம், பெருங்குடல் புற்றில் அதே ஃபுசோ இருப்பதை 2012-ல் கண்டுபிடித்து, அங்கே அது வில்லன்தான் என்று ஆராய்ச்சி போய்க்கொண்டிருக்கிறது. ஒரு படத்தில் வில்லன், இன்னொரு படத்தில் குணச்சித்திர வேடம். ஈறைச் சுத்தம் செய்தால் வாய்ப் புற்று குறையும் என்று இன்னும் யாரும் நிரூபிக்கவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

இந்த இடத்தில் ஒரு கும்பல் சந்தோஷமாகக் கைதட்டும். பொட்டலம் போட்டுச் சம்பாதிக்கிற கும்பல். 'பார்த்தீங்களா, எல்லாம் கிருமி! எங்க பொருளால இல்ல!' வாட்ஸ் அப்பில் யாராவது இப்படி ஒன்றைத் தட்டிவிட்டால் ஆச்சரியப்பட மாட்டேன்.

அந்த ஆட்டம் வேண்டாம். 2022-ம் வருஷத்துக்கு உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய்க் கணக்கைப் பாருங்கள். இந்தியாவில் உதடு, வாய்ப் புற்றுநோய் புதிதாக வந்தவர்கள் ஒரு லட்சத்து நாற்பத்துமூன்றாயிரத்துக்கும் மேல். இறந்தவர்கள் சுமார் எண்பதாயிரம். உலகத்தில் இந்த நோய் வருகிறவர்களில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் நம்ம நாட்டில். அமெரிக்காக்காரன் ஈறிலும் ஜிஞ்ஜி இருக்கிறது, ஜப்பான்காரன் ஈறிலும் இருக்கிறது. நம்ம வாய்க்கு மட்டும் ஏன் இந்தக் கதி? புகையிலை. பாக்கு. முதல் குற்றவாளி அவர்கள்தான், அதில் மறுவிசாரணையே கிடையாது. புகையிலை சேர்க்காத வெற்றிலைப் பாக்கும் புற்று உண்டாக்கும் என்று அதே சர்வதேச அமைப்பு சொல்லி இருபது வருஷத்துக்கு மேலாகிவிட்டது.

தமிழ்நாட்டில் 2013-ல் குட்காவுக்கும் மெல்லும் புகையிலைக்கும் உணவுப் பாதுகாப்புச் சட்டத்தில் தடை வந்தது. 2023 ஜனவரியில் உயர் நீதிமன்றம் தடை ஆணையை ரத்து செய்தது. ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் அந்தத் தீர்ப்புக்குத் தடை போட்டது. தடைக்குத் தடைக்குத் தடை! இதற்கு நடுவில் பெட்டிக்கடை ஷட்டருக்குப் பின்னால் வியாபாரம் என்றைக்காவது நின்றதா? 2024-ல் 'கூல் லிப்' பள்ளிக்கூடப் பிள்ளைகள் உதட்டுக்குள் போய்விட்டது என்று உயர் நீதிமன்ற மதுரைக் கிளையே கவலைப்படவேண்டி வந்தது. பொட்டலத்தை ஒளித்து வைப்பதும் ஈறில்தான், உதட்டுக்கும் ஈறுக்கும் நடுவில். கிருமி குடியிருக்கிற அதே தெருவில்.

அங்கேதான் கூட்டணி. வாய்க் கிருமிகளில் சில, நீங்கள் குடிக்கிற சாராயத்தை அசிட்டால்டிஹைடு என்ற பொருளாக மாற்றுகின்றன. அது நிச்சயமான புற்றுக்காரணி. இன்னும் சில, புகையிலையில் இருக்கிற நைட்ரேட்டை நைட்ரைட்டாக்கி, நைட்ரோசமீன் என்ற விஷம் உருவாக ஒத்தாசை செய்கின்றன. டாஸ்மாக்கில் வாங்கினது பாதி, கிருமி தயாரித்துக் கொடுப்பது மீதி! நான் புகையிலை போடுவதில்லை என்று நிம்மதியாக இருப்பவர் ரத்தம் துப்பினால் சந்தேகப்படவேண்டும். போடுகிறவர் துப்பினால் ஓடவேண்டும். இதில் இன்னொரு கொடுமை, சிகரெட் பிடிக்கிறவருக்கு ஈறு நோய் இருந்தாலும் ரத்தம் அவ்வளவாக வராது. நிகோட்டின் ரத்தக் குழாயைச் சுருக்கிவிடுகிறது. உள்ளே எலும்பு கரைந்துகொண்டிருக்கும், வெளியே ஈறு 'ஆல் ஈஸ் வெல்' என்று சிரிக்கும்.

'சந்தேகம்தானே, நிரூபிக்கட்டும், அப்புறம் பார்க்கலாம்' என்று ஒரு நண்பர் சொன்னார். நான் படித்தது பி.காம். டாக்டருக்குப் படிக்கவில்லை. ஆனால் கணக்குப் பதிவியலில் முதல் வருஷமே ஒரு பாடம் உண்டு. வரப்போகிற லாபத்தைக் கணக்கில் எழுதாதே. வரக்கூடிய நஷ்டத்துக்கு இப்போதே ஒதுக்கீடு செய். வாராக்கடன் வந்தே தீரும் என்று நிரூபணமாகிற வரைக்கும் எந்தக் கணக்குப்பிள்ளையும் காத்திருக்க மாட்டான். கடன்காரன் ரெண்டு தவணை தவறினாலே ஒரு தொகையைத் தனியாக எடுத்து வைத்துவிடுவான். ஈறு தினமும் தவணை தவறுகிறது சார்! அதுவும் இங்கே ஒதுக்கீட்டுத் தொகை எவ்வளவு? ஒரு குடும்பம் ஞாயிற்றுக்கிழமை பிரியாணிக்குச் செலவு செய்கிற காசு. புற்றுச் சந்தேகம் நாளைக்கே பொய் என்று தெரிந்தாலும், பல் மிச்சம். சர்க்கரைக்காரர்களுக்கு அதற்கும் மேலே லாபம். சர்க்கரை ஈறைக் கெடுக்கும், கெட்ட ஈறு சர்க்கரையை ஏற்றும் என்பது சந்தேகமில்லாமல் தெரிந்த விஷயம். பத்துக் கோடிப் பேருக்குச் சர்க்கரை இருக்கிற நாடு இது.

ஆனால் காரை எடுக்கச் சொன்னால் நம்ம ஆட்கள் சொல்கிற பதில் இருக்கிறதே... ''கிளீன் பண்ணா பல்லு ஆடிடும் சார். எங்க சித்தப்பாவுக்கு ஆடிடுச்சு.''

இந்தச் சித்தப்பா எல்லாக் குடும்பத்திலும் இருக்கிறார். என்ன நடந்திருக்கும் தெரியுமா? சித்தப்பாவின் பல் ஏற்கெனவே ஆடிக்கொண்டிருந்தது. எலும்பு போய்விட்டது. காரைதான் சிமென்ட் மாதிரி பக்கத்துப் பல்லோடு ஒட்டி நிறுத்தி வைத்திருந்தது. காரையை எடுத்ததும் பல் உண்மையைச் சொல்லிவிட்டது. விரிசல் விட்ட சுவருக்கு வால்பேப்பர் ஒட்டி வைத்திருந்து, வால்பேப்பரைக் கிழித்தவன்தான் விரிசல் விட்டான் என்று அடிக்கப்போவது போல. சுத்தம் செய்த பிறகு ரெண்டு நாள் கூச்சம் இருக்கும், பல் இடுக்கு தெரியும். அந்த இடுக்கு இத்தனை நாள் அழுக்கால் மூடியிருந்தது, அவ்வளவுதான். மேல் வரிசைப் பல்லைப் பிடுங்கினால் கண்பார்வை போய்விடும் என்று நம்புகிற ஊரில் இதையெல்லாம் எத்தனை தடவை சொல்வது?

இந்த மூடநம்பிக்கைக்கு எண்ணெய் ஊற்றுவது டி.வி. விளம்பரம். வெள்ளைக் கோட்டு மாட்டிக்கொண்டு ஒருத்தர் வருவார். பேஸ்ட்டில் அது இருக்கிறது, இது இருக்கிறது, ரத்தக்கசிவு போயே போச்சு என்பார். பேஸ்ட் தேவைதான், வேண்டாம் என்று சொல்லவில்லை. 2025 செப்டம்பரில் பேஸ்ட், பிரஷ்ஷுக்கெல்லாம் ஜி.எஸ்.டி.யை 18 சதவிகிதத்திலிருந்து 5 ஆக்கினார்கள், ரொம்ப சந்தோஷம். ஆனால் இறுகிப்போன காரையை உலகத்தில் எந்தப் பேஸ்ட்டாலும் கரைக்க முடியாது. உப்பு இருந்தாலும் சரி, கிராம்பு இருந்தாலும் சரி. பொடியும் அப்படித்தான். ஒரு காலத்தில் பல்பொடியிலேயே புகையிலை கலந்து விற்றார்கள் இந்த நாட்டில். 1992-ல் மத்திய அரசு தடை செய்தது. பாரிவாக்கத்துப் பாட்டி மட்டும் மூக்குப்பொடி வாங்கித் தானே தயார் பண்ணிக்கொள்கிறார்.

இனி பெரிய இடத்துக்கு வருவோம். பெரும்பாலான மருத்துவக் காப்பீட்டுப் பாலிசியை எடுத்துப் பாருங்கள். பொடி எழுத்தில் இருக்கும். விபத்தில் அடிபட்டாலொழிய பல் சிகிச்சைக்குப் பணம் கிடையாது. பல் என்றால் அலங்காரம் என்று நினைப்பு. அதே பல்லுக்குப் பக்கத்தில் புற்று வந்தால் தாடையை வெட்டி எடுக்க லட்சக்கணக்கில் கொடுப்பார்கள். அரசாங்கக் காப்பீடும் புற்று அறுவைக்குக் கொடுக்கிறது, கொடுக்கத்தான் வேண்டும். வாசலிலேயே நிறுத்தச் செலவு செய்ய மாட்டேன், வீடு எரிந்த பிறகு ஃபயர் சர்வீஸ் பில் மட்டும் கட்டுவேன் என்பது என்ன கணக்கு? எனக்குத் தெரிந்த எந்தப் பேரேட்டிலும் இது டேலி ஆகாது.

அரசு பல் மருத்துவக் கல்லூரி சென்னையில் 1953-லிருந்து இருக்கிறது. ஏழைகளுக்குப் பெரிய தெய்வம். ஆனால் பாரிவாக்கத்து டிரைவர், ஈறில் ரத்தம் என்று ஒரு நாள் லோடை விட்டுவிட்டு பிராட்வே வரைக்கும் போவாரா? வலி இருந்தால் போவார். ஈறு நோய் பெரும்பாலும் வலிக்காது. வலிக்காத நோயை ஆஸ்பத்திரி தேடிப்போய்ப் பிடிக்கவேண்டும். நோயாளி தேடி வரமாட்டார்.

தேடிப்போனால் என்ன ஆகும் என்பதற்கு பக்கத்து ஸ்டேட்டில் சாட்சி இருக்கிறது. திருவனந்தபுரம் மண்டலப் புற்றுநோய் மையத்துக்காரர்கள் 1996-ல் ஆரம்பித்து, 13 பஞ்சாயத்துகளில் கிட்டத்தட்ட ரெண்டு லட்சம் பேரை இரண்டு கூறாகப் பிரித்தார்கள். ஒரு கூறில், பயிற்சி கொடுக்கப்பட்ட சுகாதார ஊழியர்கள் வீடு வீடாகப் போய் வாயைத் திறக்கச் சொல்லி வெளிச்சம் அடித்துப் பார்த்தார்கள். அவர்கள் டாக்டர்கள்கூட இல்லை. புகையிலை, மது பழக்கம் உள்ளவர்களில் வாய்ப் புற்று மரணம் மூன்றில் ஒரு பங்கு குறைந்தது. 2005-ல் லான்செட் இதழில் வெளிவந்தது. உலகமே எடுத்துக்காட்டுகிற ஆய்வு. வாளையார் தாண்டி வர அதற்கு இத்தனை வருஷம்! 2023 கடைசியில் ஈரோடு, கன்னியாகுமரி, ராணிப்பேட்டை, திருப்பத்தூர் மாவட்டங்களில் வாய், மார்பகம், கருப்பை வாய்ப் புற்றுக்கான பரிசோதனையைத் தமிழக அரசு ஆரம்பித்தது, பிறகு மாநிலம் முழுக்க விரிப்பதாக அறிவித்தது. பாராட்டுகிறேன். ஆனால் அதில் தேடுவது வெள்ளைத் திட்டு, சிவப்புத் திட்டு, ஆறாத புண். வாயைத் திறக்கச் சொன்ன பிறகு, அப்படியே ரெண்டு விநாடி ஈறையும் பார்த்து, 'காரை இருக்கு, இந்தாங்க சீட்டு, இந்தக் கிழமை இந்தக் கல்லூரிக்குப் போங்க' என்று எழுதிக் கொடுப்பதில் என்ன கஷ்டம்?

கல்லூரிகளுக்கும் ஒரு வார்த்தை. முகாம் நடத்துகிறீர்கள், தெரியும். பேனர் கட்டி, ஷாமியானா போட்டு, எம்.எல்.ஏ. வந்து வாயைத் திறந்து காட்டி போட்டோ எடுத்துக்கொள்கிற முகாம். உங்கள் மாணவர்களுக்குக் கை பழக வாய் வேண்டும். அவர்கள் வாய்க்கு உங்கள் கை வேண்டும். இரண்டுக்கும் நடுவில் இருப்பது ஒரு பஸ் டிக்கெட் தூரம், ஒரு நாள் கூலி. முகாமை ஞாயிற்றுக்கிழமை காலை லோடு ஸ்டாண்டுக்குக் கொண்டு வாருங்கள். கம்பெனி ஷிஃப்ட் விடுகிற நேரத்துக்கு வையுங்கள். பல்லைப் பார்த்து டூத்பேஸ்ட் சாம்பிள் கொடுத்து அனுப்பாமல், காரையை அங்கேயே எடுத்துவிடுங்கள். மூன்று மாதம் கழித்து அதே ஆளை மறுபடி வரவழையுங்கள். முதல் முகாமில் எத்தனை பேர் என்ற எண்ணிக்கையை விட, மறுபடி வந்தவர் எத்தனை பேர் என்ற எண்ணிக்கையை போர்டில் எழுதி வையுங்கள், பார்க்கலாம்.

வாசகர்களுக்கும் சொல்லியாக வேண்டும். வாயில் புண், திட்டு, கட்டி எதுவானாலும் ரெண்டு வாரத்தில் ஆறவில்லையென்றால் சூடு, விட்டமின் குறைவு என்று மூன்றாவது வாரம் தள்ளாதீர்கள். வாய் முன்னைப்போலத் திறக்கவில்லை, மூன்று விரல் நுழைய மாட்டேன் என்கிறது என்றால் அதுவும்தான். பாக்குப் போடுகிறவர்களுக்கு அது புற்றுக்கு முந்தின ஸ்டேஷனாக இருக்கலாம்.

மக்களைத் தேடி மருத்துவத்தில் வீட்டுக்கு வருகிற அந்தப் பெண் ஊழியரைப் பார்த்திருப்பீர்கள். பையில் பி.பி. மெஷின் இருக்கிறது, சர்க்கரை பார்க்கிற மெஷின் இருக்கிறது, மாத்திரை இருக்கிறது. அந்தப் பையில் ஒரு டார்ச் லைட்டும், வாய்க்குள் விட்டுப் பார்க்கிற ஒரு சின்னக் கண்ணாடியும் போட என்ன செலவாகும் என்று சுகாதாரத் துறை ஒரு எஸ்டிமேட் போட்டுச் சொல்லட்டும். போடத் தெரியவில்லை என்றால் சொல்லி அனுப்புங்கள், நான் பி.காம்.